பொட்டு வைத்த கம்பி

மாசாய்ப் பக்கம் ஒரு பொம்பளை, புருஷன் படுத்துத் தூங்குகிற இரும்புக் கட்டிலை அறுத்துக் காருக்குச் சாமான் செய்துவிட்டாளாம். பாசிர் கூடாங் தொழிற்சாலைப் பேருந்தில், காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் தங்கராஜு இதைக் கேட்டார். சொன்னவன் மனோகரன், போன வாரம்தான் அந்தத் தடத்தில் ஏறத் தொடங்கியவன். அவனுக்குச் சொன்னது அவன் சகலை. சகலைக்குச் சொன்னது ஒரு மெக்கானிக். மெக்கானிக்குக்கு யார் சொன்னது என்று மனோகரனுக்குத் தெரியாது. ஆனால் அறுத்தது ராத்திரியிலா, மத்தியானத்திலா என்பது வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்தவன்போல் சொன்னான்.

"புருஷன் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார் தங்கராஜு.

"என்னத்தண்ணே சொல்வான், பாவம்? அது கையில ஸ்பானர வச்சிக்கிட்டு நிக்குது. இவன் வாயத் தொறப்பானா? இப்ப தரையில பாய் போட்டுப் படுக்குறானாம்."

"தரையில படுத்தா இடுப்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லிருப்பாரு."

"அலமாக்! நீங்க வேற. பொண்டாட்டிக்குப் பயந்தவன் சொல்ற கதைண்ணே அது."

பேருந்து கிடங்கு வாசலில் நின்றது. தங்கராஜு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அது நம்ம கட்டில் இல்ல தம்பி. பக்கத்து ஹாஸ்டல்ல தூக்கிப் போட்ட ரெண்டு அடுக்குக் கட்டில். எங்க வீட்டுக் கட்டில் பலகைக் கட்டில். நான் தரையில படுக்குறது மட்டும் நெசம்."

மனோகரன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்ததை ஓட்டுநர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். கிடங்கில் ஃபோர்க்லிஃப்டை ஓட்டிக்கொண்டே அன்று முழுக்கத் தங்கராஜுவும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்வராணியின் பேர் இப்படிக் கைமாறிக் கைமாறி, தெரியாதவன் வாயால் தன் காதுக்கே திரும்பி வருகிறதென்றால் அது சும்மா வருகிற காரியமா?

செல்வராணி லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பாசிர் கூடாங்கில் கப்பல்களுக்கு இரும்புத் தண்டு கடைந்து கொடுக்கிற பட்டறை ஒன்றில், தரை கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். லேத் ஓட்டுகிறவர் ஒருநாள் வரவில்லை. "எப்படி ஓட்டுறதுன்னு தெரியுமா?" என்று முதலாளி கிண்டலாகக் கேட்டார். "ஆறு மாசமா கூட்டிக்கிட்டே பாத்துக்கிட்டுதான இருக்கேன்," என்றாள். அது இருபத்து நாலு வருஷத்துக்கு முந்திய சங்கதி. இப்போது புதிதாக வருகிற ஆண்பிள்ளைகள் அளவு பார்க்கத் தெரியாமல் முழித்தால், "ராணியக்காகிட்ட போ" என்பதுதான் அங்கே பேச்சு.

கார் வந்தது ஐந்து வருஷத்துக்கு முன். லாபிஸ் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாராக இருந்த விசுவலிங்கத்தின் வோல்வோ அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் வந்த வண்டி. கிராணியார் ஓட்டுவதை நிறுத்தியபின் அவர் மகள் சுபத்திராவின் வீட்டுப் பின்புறத்தில், கோழிகள் ஏறி முட்டையிடுகிற நிலையில் நின்றது. கிராணியார் இறந்து துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் செல்வராணி அதன் கீழே குனிந்து பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தே பார்த்தாள்.

"தூக்கிக்கிட்டுப் போயிடுங்களேன் ராணி. எனக்கு எடமாவது மிஞ்சும்," என்றாள் சுபத்திரா.

திரும்பி வருகிற வழியெல்லாம் தங்கராஜு கவலைப்பட்டார். அதை எங்கே நிறுத்துவது, பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள், துருவில் கை வெட்டினால் ஊசி போடவேண்டுமே! அவருக்கு எதிலும் முதலில் கெட்டதுதான் கண்ணில் படும்.

"அதுல எல்லாத்தையும் கழட்டலாங்க. கழட்டினத எல்லாம் திரும்ப மாட்டலாம். இப்ப வர்ற வண்டி அப்படியா?" என்றாள் அவள்.

எஞ்சின் எளிதில் எழுந்து உட்கார்ந்தது. முரண்டு பிடித்தது முன்பக்கம்தான். முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் ஒரு தடித்த சுருள் ஸ்பிரிங் இருக்கும். காரின் மூக்கைத் தாங்குவது அதுதான். அதைச் சுற்றி, இரும்போடு இரும்பு உராயாமல் தடுக்கிற ரப்பர் புஷ்களும் சக்கரத்தைத் திரும்பவிடுகிற பால் ஜாயிண்டுகளும் செத்துப் போயிருந்தன. அவற்றை மாற்ற ஸ்பிரிங்கைக் கழற்றவேண்டும். கழற்ற முதலில் அதை அமுக்கிப் பிடிக்கவேண்டும். அமுக்கியபின் பிடி நழுவினால் அது எதிரே இருப்பது கையா முகமா என்று பார்க்காது. மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினார்கள். மூன்றிலும் ஒரே பதில்: இந்த வண்டிக்கு உள்ள கருவி எங்களிடம் இல்லை, வைத்திருந்தவரும் இப்போது இல்லை.

மூன்றாவது ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த அன்று செல்வராணி சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். தங்கராஜு குருமாவை ஊற்றிக்கொண்டு காத்திருந்தார். சப்பாத்தி வரவில்லை. போய்ப் பார்த்தால், பிசைந்த மாவோடு அவள் காருக்கடியில் படுத்திருந்தாள். ஸ்பிரிங் உட்காருகிற குழிக்குள் மாவை அழுத்தி அதன் வளைவை அச்சாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எத சாப்பிடுறது?"

"ரொட்டி இருக்கு பாருங்க. இத அடுப்புல காய வைக்கணும், அனல் கொறைச்சு வைங்க."

காய்ந்த மாவைத் துணியில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். வேலை முடிந்தபின், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, அந்த வளைவுக்குப் பொருந்தும்படி இரண்டு வட்டத் தட்டுகள் கடைந்தாள். நடுவில் துளை. துளை வழியாக, உடம்பு முழுக்கத் திருகுப் பள்ளம் ஓடுகிற ஒரு நீளமான மரைக் கம்பி. மேலும் கீழும் நட்டு. கீழ் நட்டைத் திருகத் திருகத் தட்டுகள் நெருங்கும். நடுவிலிருக்கிற ஸ்பிரிங் சுருங்கும். சொல்லும்போது குழந்தை விளையாட்டாகத்தான் இருந்தது.

முதல் கம்பி ஹார்ட்வேர் கடையில் வாங்கியது, சாதாரண இரும்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்வராணி நட்டைத் திருகினாள். தங்கராஜு அடுக்களை வாசலில் நின்று முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தொடங்குமுன் அவள் என்ன நினைத்தாளோ, மகள் லோஷினி சின்னதில் ஆடிய ஊஞ்சலின் சங்கிலியை எடுத்துவந்து, ஸ்பிரிங்கின் வளையங்களுக்குள் கோத்துக் காரின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினாள்.

"பட்டறையில எத தூக்கினாலும் ரெண்டு புடி. ஒண்ண மட்டும் நம்பக்கூடாது," என்றாள்.

நாற்பது சுற்று வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஸ்பிரிங்கைத் தாங்குகிற கை போன்ற இரும்பு, நேராக இறங்காமல் வளைந்து இறங்குமாம். அது கம்பியையும் ஒரு பக்கமாக வளைத்தது. நட்டு சாய்ந்தது. மரை மழுங்கி நட்டு வழுக்கியது. பிறகு கேட்ட சத்தத்துக்குத் தெருக்கோடி வீட்டில் நாய் குரைத்தது. வெளியே பாய்ந்த ஸ்பிரிங்கை ஊஞ்சல் சங்கிலி பிடித்து நிறுத்தியது; தெறித்த கீழ்த்தட்டு பக்கத்திலிருந்த வாளியை இரண்டாகப் பிளந்தது. வாளிக்கு ஒரு சாண் தள்ளித்தான் அவள் முழங்கை இருந்தது.

தங்கராஜு ஓடிவந்து அவள் முழங்கையைத் தடவிப் பார்த்தார். அவளுக்கு உதடு வெளுத்திருந்தது. ஆனால் பத்து நிமிஷம் கழித்து அவள் அந்தக் கம்பியை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணை ஒடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கி எறி அந்தச் சனியன!"

"இதுதாங்க எனக்கு வழி காட்டுது. இந்தா பாருங்க, நடுவுல நாலு விரக்கட மரை போயிருக்கு. எங்க சாஞ்சுதுன்னு இதுலயே எழுதியிருக்கு."

அடுத்த கம்பிக்கு அவள் கடைக்குப் போகவில்லை. எண்ணெய் ஆலைகளில் பெருங்குழாய்களை இறுக்கிப் பிடிக்கிற உயர்ரக எஃகுக் கம்பி பட்டறைக்கு வரும். அதில் வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினாள். நட்டு சாய்ந்தாலும் நழுவாமல் உருண்டு உட்காரும்படி, அடியில் கிண்ணம் போல ஒரு வளையம் கடைந்தாள். பிறகு அதைக் காரில் மாட்டவில்லை. கூரைக்கு முட்டுக்கொடுத்திருந்த இரும்பில் மாட்டி, காரின் எடையைவிட அதிகமாக இழுத்து, ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் நீளத்தை அளந்தாள். மயிரிழை நீளவில்லை. அப்போதுதான் சிவப்பு எனாமல் பெயிண்டில் குச்சியைத் தொட்டு, கம்பியின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள்.

அன்றிலிருந்து அது அந்த வீட்டு வழக்கம். லாரியின் பட்டை ஸ்பிரிங்கை அறுத்துத் தீட்டி, பால் ஜாயிண்டைப் பிரிக்கிற இரட்டைப் பல் ஆப்பு செய்தாள். ஊர் முழுக்கப் பேசிய அந்த ஹாஸ்டல் கட்டிலை அறுத்து, பழைய புஷ்ஷைப் பிதுக்கித் தள்ளிப் புதியதை நுழைக்கிற சட்டம் செய்தாள். ஒவ்வொன்றையும் வதைத்துப் பார்த்து, தாங்கினால்தான் புள்ளி. தோற்ற முதல் கம்பியை நிமிர்த்தி, ஒரு செப்புக் கம்பியில் கோத்து, அடுக்களை ஜன்னல் ஓரமாகத் தனியே தொங்கவிட்டாள்.

"இது எதுக்கு இங்க, கருவேப்பிலைக்குப் பக்கத்துல?"

"தோத்ததும் கண்ணுல படணும். இல்லாட்டி ஜெயிச்சது மட்டும்தான் ஞாபகத்துல நிக்கும்."

வோல்வோ ஓடத் தொடங்கியதும் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கெலாங் பாத்தாவிலிருந்து ஒரு டாக்டர், சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர், குளுவாங்கிலிருந்து ஒரு மலாய் ஆசிரியர். செல்வராணி வாடகை வாங்குவதில்லை. கருவி எடுத்துப் போகிறவர் ஒரு நல்ல இரும்புத் துண்டு கொண்டுவந்து வைக்கவேண்டும், அவ்வளவுதான். கொடுக்கும்போது மூன்றே மூன்று சொல்லை மூன்று முறை சொல்வாள். டாக்டரானாலும் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டவேண்டும்: சங்கிலி முதலில், முகம் நேரே வேண்டாம், அவசரம் வேண்டாம்.

"என் சாமான் போற எடத்துக்கு என் கையும் போற மாதிரிங்க," என்று அவள் ஒருதரம் சொன்னது தங்கராஜுவுக்கு நினைவிருந்தது. அவருக்கு அவள்மேல் இருந்த மதிப்பை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கருவிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து, பலகையில் வரிசையாக மாட்டிவைப்பார். அதுதான் அவர் சொல்கிற விதம்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு அவளுக்குப் பட்டறையில் இரட்டை ஷிப்டு. "நீங்களே பொட்டு வச்சுப் படைச்சிருங்க," என்று போய்விட்டாள். தங்கராஜு குளித்து, வாழையிலை விரித்து, எல்லாக் கருவிகளையும் இறக்கி வைத்தார். சந்தனம், குங்குமம், பூ. ஜன்னல் ஓரம் தொங்கிய பழைய கம்பி கண்ணில் பட்டது. ஒன்றை மட்டும் விட்டால் அது கோபித்துக்கொள்ளாதா? அதையும் செப்புக் கம்பியிலிருந்து உருவி எடுத்து, துடைத்து, எண்ணெய் பூசி, தலையில் குங்குமம் வைத்தார். எண்ணெயில் ஊறிய குங்குமம் இரும்பில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பூஜை முடிந்து எல்லாவற்றையும் பலகையில் மாட்டினார். அதையும் மாட்டினார்.

மூன்று வாரம் போனது. பொட்டை அழிக்க மனமில்லாமல் தங்கராஜு கம்பிகளின் தலையை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தார்; ஓவர்டைம் ஓயாததால் செல்வராணி பலகைப் பக்கமே வரவில்லை. சனிக்கிழமை காலை லாபிஸிலிருந்து லோகேஸ்வரன் வந்தான். அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அவனிடமும் அதே மாதிரி ஒரு வோல்வோ. செல்வராணி ஓவர்டைமில் இருந்தாள். அவள் இல்லாமல் கருவி கொடுக்கிற வழக்கம் இல்லை. ஆனால் அவ்வளவு தூரம் வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், போனில் சொன்னாள்:

"செகப்புப் புள்ளி பாத்துக் குடுங்க. சங்கிலியையும் பையில போடுங்க. மூணையும் சொல்லி அனுப்புங்க."

லோகேஸ்வரன் வேனிலிருந்து இறக்கிய இரும்பைப் பார்த்து தங்கராஜு அசந்துபோனார். பழைய தண்டவாளத்தில் வெட்டிய ஒரு முழத் துண்டு!

"எங்கப்பா புடிச்சே இத?"

"ரயில்பாதை மாத்துனப்ப பழைய இரும்புக் கடைக்கு வந்துச்சு மாமா. அக்காவுக்குன்னே எடுத்து வச்சேன். வச்சு அடிக்க இதவிட நல்ல கட்டை கெடைக்குமா?"

"ராணி பாத்தா குதிப்பா."

"நீங்க நெசமாவே தரையிலதான் படுக்குறீங்களா மாமா? லாபிஸ் வரைக்கும் பேச்சு வந்திருச்சு லா!"

அவ்வளவுதான். தங்கராஜு கட்டில் கதையை முதலிலிருந்து தொடங்கினார். மனோகரன் வாய் பிளந்ததை நடித்துக் காட்டினார். லோகேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்புக்கு நடுவே அவர் பலகையிலிருந்து கம்பியை எடுத்தார், தலையில் சிவப்பு இருந்தது, தட்டுகளோடு சேர்த்துப் பையில் வைத்தார். சங்கிலியையும் வைத்தார்.

"நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டுத் தொடங்கிருவேன். திங்கக்கெழம சாமான் வந்துரும்," என்று சொல்லிவிட்டு லோகேஸ்வரன் கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்குச் செல்வராணி தண்டவாளத் துண்டை உருட்டி உருட்டிப் பார்த்தாள். உண்மையாகவே குதித்தாள். அதை எங்கே பதிப்பது என்று இடம் பார்க்கத் திரும்பியவள், பலகைக்கு முன் அப்படியே நின்றாள். ஒரு கம்பியை எடுத்தாள். தலையிலிருந்த சிவப்பை நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. பெயிண்ட்.

"என்னங்க, இங்க வாங்க. லோகேசுக்கு எதக் குடுத்தீங்க?"

"கம்பிய. செகப்புப் புள்ளி வச்சது."

"புள்ளி வச்சது இது. இங்க இருக்கு."

தங்கராஜு ஜன்னலைப் பார்த்தார். கருவேப்பிலைச் செடிக்கு மேலே செப்புக் கம்பி வெறுமனே தொங்கியது. 

"பூஜைக்கு... அதுக்கும் பொட்டு வச்சேன் ராணி. ஒண்ண மட்டும் விடக்கூடாதேன்னு..."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"மரை போனது எண்ணெய்க்குள்ள தெரியாது," என்றாள் மெதுவாக. "நிமித்தி வேற வச்சிருந்தேன். அங்க தொங்கவிட்டது நான்தான். சரி, போன் போடுங்க."

மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். அடித்து நின்றது. "நட்டைத் திருகாதே, கம்பி தப்பு" என்று வாட்ஸ்ஆப்பில் எழுதினாள். இரண்டு டிக் விழுந்தது, நீலம் ஆகவில்லை. லோகேஸ்வரன் மனைவி ஷாமளாவின் எண் அவர்களிடம் இல்லை. பழைய வோல்வோக்காரர்களின் குழுவில், லாபிஸில் அவன் வீடு தெரிந்தவர் யாராவது உடனே ஓடுங்கள் என்று போட்டாள்.

"சங்கிலி குடுத்தீங்கல்ல?"

"குடுத்தேன். பையிலதான் வச்சேன்."

"கட்டச் சொன்னீங்களா? மூணையும் சொன்னீங்களா?"

தங்கராஜு யோசித்தார். தண்டவாளம் ஞாபகம் வந்தது. மனோகரனைப்போல் வாயைப் பிளந்து காட்டியது ஞாபகம் வந்தது. லோகேஸ்வரனின் சிரிப்பு வந்தது. சங்கிலி முதலில் என்று சொன்ன தன் குரல் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

"தெரியல ராணி."

அவள் சரியான கம்பியைத் துணியில் சுற்றிப் பின்சீட்டில் வைத்தாள். கார்ச் சாவியை எடுத்தாள்.

"லாபிஸ் போறதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்," என்றார் அவர். "அதுக்குள்ள..."

"அவன் சாப்பிட்டுட்டு ஒரு கோழித் தூக்கம் போட்டிருந்தா? மழ வந்து தொடங்காம இருந்தா? இங்க உக்காந்து நெனச்சுக்கிட்டு இருக்க என்னால முடியாதுங்க. ஏறுங்க."

வோல்வோ ஒரே இழுப்பில் உறுமியது. சந்தின் மேட்டில் ஏறி இறங்கியபோது முன்பக்கம் பட்டுப்போல் அமுங்கி எழுந்தது. ஒரு முனகல் இல்லை. அவள் கையால் செய்த கருவிகள் அமுக்கிப் பிடித்துப் பிரித்துச் சேர்த்த முன்பக்கம். எத்தனையோ முறை அதில் உட்கார்ந்து உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறார். இன்றைக்கும் அந்தப் பெருமை கேட்காமலே வந்தது; வந்ததற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நாப்பது சுத்து வரைக்கும் ஒண்ணும் ஆகாது," என்றாள் அவள், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அவன் நெதானமா திருகுறவன்தான். ஒரு சுத்துக்கு அரை நிமிஷம் வைங்க. இருவது நிமிஷம் இருக்கு. எப்ப தொடங்குனான்னுதான் தெரியல. விடாம போடுங்க."

தங்கராஜு மறுபடியும் எண்ணை அழுத்தி, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவனின் போன் காருக்குப் பக்கத்தில் எங்காவது ஸ்டூல் மேல் கிடக்குமோ, அவன் கை முழுக்க கிரீஸாக இருக்குமோ, இந்தச் சத்தத்துக்கு நட்டை விட்டுவிட்டு எழுந்து வருவானோ என்று நினைத்தார். கூடவே மணியை எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"எடுத்தானா?"

"அடிக்குது," என்றார். "இன்னும் அடிச்சுக்கிட்டேதான் இருக்கு."